மனமுவந்து அளித்தது

கரட்டுப்பேட்டை,
8-2-1960

அன்புத் தம்பி பாரூக்குக்கு,

அக்கா சைனம்பு எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் மகள் நர்கீஸும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? திருவல்லிக்கேணி மெஸ்காரன் மிளகாயைக் குறைத்தானா, இல்லை நான்தான் அங்கே வந்து சண்டை போட வேண்டுமா?

எனக்குத் தெரிந்தது ஓதப்போன இடத்தில் கற்ற, அரபு எழுத்தில் தமிழை எழுதுகிற அரபுத் தமிழ்தான். மறந்திருந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். உன் மச்சானுக்கு இந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதனால் மனதில் இருப்பதைத் தாராளமாக எழுதலாம்.

போன வாரம் எங்கள் ஊரில் தமுக்கடித்துச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து வரும் மண்ணெண்ணெய், கடலையெண்ணெய் எதுவானாலும் டின்னுக்கு நாலணா இறக்குமதிக் கட்டணமாம். பஞ்சாயத்து நிர்வாக அதிகாரி உத்தரவாம். செம்பட்டி ரோட்டில் ஊர் எல்லையில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, பில் கலெக்டர் பொம்மையனை உட்கார வைத்துவிட்டார்கள். திண்டுக்கல் டிப்போவிலிருந்து நம் கடைக்கு மண்ணெண்ணெய் டின் ஏற்றி வந்த வண்டி மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது. வண்டிக்காரர் முனியப்பன் டின்களுக்குப் பக்கத்திலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்.

கட்டிவிட்டுத்தான் போவோமே என்று சொல்லிப் பார்த்தேன். உன் மச்சான் கையில் இருந்த சோற்றுத் தட்டு முற்றத்தில் போய் விழுந்தது. "இந்த வீட்லருந்து எவளாச்சும் எவனாச்சும் காலணா கட்டுனா, அன்னையோட அவுகளுக்கு இங்க சோறு கிடையாது. ஆமா!" என்றார். எவனாச்சும் என்று சொன்னாலும் வீட்டில் இருப்பது நானும் நர்கீஸும்தான்.

மெட்ராஸ் ஐகோர்ட் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறாயே, இது முறைதானா என்று கேட்டு எழுது.

உன் அக்கா,
சைனம்பு

*

சென்னை,
15-2-1960

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். வயிறு பரவாயில்லை, மோர்தான் மருந்து. உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் டைப்பிஸ்ட் ஏதோ ஓதுகிறேன் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நீ முனியப்பனின் சமையலைப் பற்றி எழுதிய இடத்தில் இருந்தேன். சிரிப்பை அடக்கப் பெரும் பாடாகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சீனியரிடம் கேட்டேன். நம் அரசியல் சாசனத்தில் 265-ஆவது ஷரத்து என்று ஒன்று இருக்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது. டெல்லிக்கும் அதுதான், கரட்டுப்பேட்டைக்கும் அதுதான். நிர்வாக அதிகாரி என்பவர் சட்டப்படி விதித்ததை வசூல் செய்யலாமே தவிர, தானாக ஒன்றை விதிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கட்டணம் என்று பெயர் வைத்தாலும், அதற்கு ஈடாக நமக்கு அவர் ஒரு வேலை செய்து தர வேண்டும். மூங்கிலைக் கட்டி வண்டியை மறிப்பது எந்த வேலையில் சேர்த்தி?

மச்சானை ஒரு மனு கொடுக்கச் சொல். மூன்றே கேள்விகள் போதும். எந்தச் சட்டம்? எந்தப் பிரிவு? பஞ்சாயத்து மெம்பர்கள் தீர்மானம் போட்டார்களா? பதில் சொல்ல முடியாமல் மூங்கிலைத் தானாக அவிழ்ப்பார், பார்.

மச்சானுக்கு என் ஸலாம். நர்கீஸுக்கு முத்தம்.

தம்பி,
முகமது பாரூக்

*

கரட்டுப்பேட்டை,
10-3-1960

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். நர்கீஸுக்குச் சளி பிடித்து விட்டது. நீ நான் கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழ ஊறுகாயை மெஸ்ஸில் எல்லோருக்கும் பங்கு போடாமல் வைத்துக்கொள்.

மனு கொடுத்தோம். மூங்கிலை அவிழ்த்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. நிர்வாக அதிகாரி மனுவைப் படித்துவிட்டு ஒரு வாரம் கிடப்பில் போட்டாராம். அப்புறம் பழைய ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அச்சடித்துக் கொண்டு வந்துவிட்டார். அதில் வரியும் இல்லை, கட்டணமும் இல்லை. 'தெரு விளக்கு நிதிக்கு மனமுவந்து அளித்தது' என்று போட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. டின்னுக்கு அதே நாலணா. மனமுவந்து அளிக்காத வண்டி மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் மனமுவந்துவிட்டார்கள். நாம் மட்டும்தான் பாக்கி. டிப்போக்காரர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், பங்குனிக்குள் டின் எடுக்காவிட்டால் ஏஜென்ஸியை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவாராம். பன்னிரண்டு வருஷ வியாபாரம், பாரூக். அது போனால் உன் மச்சானுக்கு வேறு என்ன தொழில் தெரியும்?

அவரோ கடையில் காலி டின்களுக்கு நடுவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 265, 265 என்கிறார். கடைத்தெருவில் அவருக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

அக்கா,
சைனம்பு

*

சென்னை,
17-3-1960

அன்புள்ள அக்கா,

ஸலாம். சளிக்குத் தூதுவளை கொடு. இந்தக் கடிதத்தைக் கவனமாகப் படி. படித்ததை மச்சானிடம் அப்படியே சொல்.

'மனமுவந்து' என்பதுதான் கண்ணி. அந்த அதிகாரி லேசுப்பட்ட ஆள் இல்லை. சட்டமில்லாமல் வாங்கினால் தப்பு. நீங்களாகக் கொடுத்தால் தப்பில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தப் புத்தகத்தில் நம் கடையின் பெயரில் ஒரு கையெழுத்துகூட விழக்கூடாது. விழுந்தால் நாம் கோர்ட்டுக்குப் போய் "கட்டாயப்படுத்தினார்கள்" என்று வாயைத் திறக்க முடியாது.

திண்டுக்கல்லில் ராயப்பராஜ் வக்கீலுக்கு எங்கள் சீனியர் எழுதியிருக்கிறார். நல்ல மனிதர். அவர் பஞ்சாயத்துக்கு நோட்டீஸ் கொடுப்பார். இரண்டு மாதம் கழித்து முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாரூக்

*

கரட்டுப்பேட்டை,
2-5-1960

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, கோபிக்காதே. நர்கீஸ் தேறிவிட்டாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வத்தலக்குண்டு சந்தையில் மாம்பழம் மலிவு. நீ இல்லையே என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. டின் வந்துகொண்டிருக்கிறது. உன் மச்சான் சந்தோஷமாக இருக்கிறார். "பாத்தியாடி, நோட்டீசு போனதும் மூங்கிக் கம்பு எப்டித் தூக்குதுன்னு! சட்டம்னா சும்மாவா?" என்று நேற்றுகூடச் சொன்னார். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

நீ புதுச் சட்டை தைத்துக்கொண்டாயா?

அக்கா

*

சென்னை,
9-5-1960

அன்புள்ள அக்கா,

ஸலாம். சட்டை தைக்கவில்லை. அதை விடு. டின் வருகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, எப்படி வருகிறது? நோட்டீசுக்குப் பஞ்சாயத்து இன்னும் பதில்கூடக் கொடுக்கவில்லை என்று ராயப்பராஜ் வக்கீல் எழுதியிருக்கிறார். மற்ற வண்டிகளை மறித்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். நம் வண்டிக்கு மட்டும் மூங்கிலை ஏன் தூக்குகிறார்கள்? பொம்மையன் பயந்துவிட்டாரா? விவரமாக எழுது. வழக்கில் இதெல்லாம் கேட்பார்கள்.

பாரூக்

*

சென்னை,
20-6-1960

அன்புள்ள அக்கா,

ஸலாம். போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. எல்லோரும் சுகம்தானே? வழக்குப் போட்டாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். தீர்ப்பு வரும்வரை வண்டியை மறிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கிடைத்துவிட்டதாமே! நீ ஏன் சந்தோஷமாக ஒரு கார்டு போடவில்லை?

பாரூக்

*

கரட்டுப்பேட்டை,
4-7-1960

தம்பிக்கு,

ஸலாம். சுகமாக இருக்கிறோம். ஒன்று கேட்கிறேன், யாரிடமும் சொல்லாதே. போட்ட வழக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? தடை கிடைத்துவிட்டதே, அது போதாதா? உன் மச்சான் கோர்ட்டில் கூண்டேறி, "என் வீட்லருந்து ஒரு காலணா போகல" என்று சத்தியம் செய்யப்போகிறாராம். சத்தியம் செய்யாமல் வழக்கு நடத்த வழி இருந்தால் எழுது.

சைனம்பு

*

சென்னை,
12-9-1960

அக்காவுக்கு,

ஸலாம். ராயப்பராஜ் வக்கீல் கடிதம் இன்று வந்தது. போன ஆறாம் தேதி பஞ்சாயத்துத் தரப்பில் ரசீதுகளின் அடிக்கட்டைகளைக் கோர்ட்டில் கொடுத்தார்களாம். பதினோரு அடிக்கட்டைகள். எல்லாவற்றிலும் நம் கடைப் பெயர், 'மனமுவந்து அளித்தது', கீழே ஏதோ கிறுக்கலாக ஒரு கையெழுத்து. மச்சான் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாராம். வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று பயமாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டது யார், அக்கா?

பாரூக்

*

கரட்டுப்பேட்டை,
16-9-1960

என் தம்பிக்கு,

ஸலாம். நான்தான்.

பங்குனி பிறந்ததும் டிப்போக்காரர் இன்னொரு தடவை ஆள் அனுப்பினார். அந்த வாரம் எடுக்காவிட்டால் ஏஜென்ஸி போயிற்று என்றார். வியாழக்கிழமை உன் மச்சான் வாராவாரம் போல் செம்பட்டிக்குப் போயிருந்தபோது முனியப்பனை விட்டுப் பொம்மையனைக் கொல்லைப்பக்கம் வரச் சொன்னேன். என் சீட்டுப் பணத்தில் கொடுத்தேன். ரசீது எனக்கு வேண்டாம் என்றேன். "வேணாட்டாப் போகுது, புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டுருங்கம்மா. இல்லாட்டி அதிகாரி என் சீட்டைக் கிழிச்சிருவாரு" என்றார். நான் திரைக்கு உள்ளே நின்றேன். அவர் புத்தகத்தைத் திரைக்கு அடியில் தள்ளினார். பதினோரு வியாழக்கிழமையும் அப்படித்தான் நடந்தது.

கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்து உன் மச்சான் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த எழுத்து எழுதும் கை கரட்டுப்பேட்டையில் வேறு யாருடையது? அன்றையிலிருந்து கடையிலேயே படுத்துக்கொள்கிறார். நர்கீஸ் சோற்றுத் தூக்கைக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறார். சோறு கிடையாது என்றாரே, என்னை வெளியே போகச் சொல்லவில்லை. அவர்தான் வெளியே போய்விட்டார். இதற்கு அவர் நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஏஜென்ஸி கைவிட்டுப் போகவில்லை. அதற்காகத்தான் செய்தேன். இப்போது வழக்கும் என்னால் தோற்றுப்போகும், ஊர் முன்னால் அவர் பொய்யர் என்று ஆகும். நீ ஒரு கையெழுத்துகூட விழக்கூடாது என்று எழுதியதை நான் மறக்கவில்லை, பாரூக். அதனால் ஒரு தடவைகூட நான் கையெழுத்துப் போடவில்லை. என் பெயரையும் எழுதவில்லை, கடைப் பெயரையும் எழுதவில்லை. அந்த இடத்தில் மனதில் வந்ததை இரண்டு வரி எழுதி வைத்தேன். பயந்துதான் கொடுக்கிறேன், அல்லாஹ் சாட்சி என்று முதல் தடவை எழுதினேன். மற்றவற்றில் என்னென்ன எழுதினேன் என்று எல்லாம் இப்போது நினைவில்லை. பொம்மையன் அதைத்தான் என் கையெழுத்து என்று எடுத்துக்கொண்டு போனார். யாருக்கும் தெரியாத எழுத்துதானே, இனி அது இருந்து என்ன பிரயோஜனம்?

உன் பாவப்பட்ட அக்கா

*

சென்னை,
20-9-1960

என் அக்காவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று எழுதியவன் நான்.

அடுத்தது, நீ அழாதே. நீ எழுதியது கையெழுத்து இல்லை அக்கா, ஆட்சேபணை! மனமுவந்து என்று அவர்கள் அச்சடித்ததற்கு நேர் கீழே, மனமில்லாமல்தான் கொடுக்கிறேன் என்று நீ பதினோரு தடவை எழுதியிருக்கிறாய். அதை அவர்களே பத்திரமாக வைத்திருந்து, அவர்களே கோர்ட்டில் கொடுத்தும் இருக்கிறார்கள். எங்கள் சீனியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அரபுத் தமிழ் தெரிந்த ஒருவரைக் கோர்ட்டில் வைத்துப் படிக்கச் சொல்லும்படி ராயப்பராஜ் வக்கீலுக்குத் தந்தி கொடுத்துவிட்டோம். மச்சான் இன்னும் சத்தியம் செய்யவில்லை என்பதும் நல்லதாயிற்று. நடந்ததை நடந்தபடி சொல்லட்டும்.

பயப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

பாரூக்

*

கரட்டுப்பேட்டை,
19-12-1960

அன்புள்ள மாப்பிள்ளை பாரூக்குக்கு,

சாகுல் ஹமீது எழுதுவது. ஸலாம். உன் சுகத்துக்கு துஆச் செய்கிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

வழக்கு ஜெயித்துவிட்டது. முன்சீப் நன்றாகச் சொன்னார். சட்டம் இல்லாமல் வாங்கினால் பெயரை மாற்றினாலும் அது வசூல்தான், விதிக்கிற அதிகாரம் நிர்வாக அதிகாரிக்குக் கிடையாது என்றார். மூங்கிலை எடுத்துவிட்டார்கள். இனி வேண்டுமானால் மெம்பர்கள் கூடித் தீர்மானம் போட்டு, மேலே அனுமதி வாங்கி, முறையாகக் கேட்கட்டும். முறையாகக் கேட்டால் முதல் ஆளாக நான் கொடுப்பேன். கடைத்தெருவில் மாலை போட்டார்கள். ஏஜென்ஸிக்கும் குறைவில்லை. இதெல்லாம் வக்கீல் எழுதியிருப்பார்.

அவர் எழுதியிருக்க மாட்டார் என்று நினைப்பதை நான் எழுதுகிறேன். திண்டுக்கல் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒரு ஹஜ்ரத்தை வரவழைத்து அந்த அடிக்கட்டைகளைப் படிக்கச் சொன்னார்கள். வயதான மனிதர். ஓதுகிற குரலிலேயே ஒவ்வொன்றாகப் படித்தார். முதலில் கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஏழு அடிக்கட்டையில் அதிகாரிக்குப் பயந்து கொடுக்கிறேன், ஏஜென்ஸி போய்விடும் என்று பயந்து கொடுக்கிறேன் என்று இருந்தது. மற்ற நாலில் அதிகாரியைப் பற்றி ஒன்றும் இல்லை. 'இவருக்குத் தெரிந்தால் என்னை என்ன செய்வாரோ என்று பயந்துகொண்டே எழுதுகிறேன்' என்று ஒன்று. 'இன்றைக்கும் தட்டு பறந்தது, கேட்கப் பயந்துகொண்டு கேட்காமலே கொடுக்கிறேன்' என்று ஒன்று. மற்ற இரண்டையும் எழுத எனக்குக் கை வரவில்லை. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, "இந்த நாலும் புருஷனுக்குப் பயந்தது, இதுக்குப் பஞ்சாயத்து எப்படிப் பொறுப்பாகும்?" என்று கேட்டார். முன்சீப் என்னை ஒரு தடவை பார்த்தார். பயந்து கொடுத்தது மனமுவந்து கொடுத்தது ஆகாது, யாருக்குப் பயந்து என்பது இந்த வழக்குக்கு வேண்டாத கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

நான் அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அக்கா சோறு போட்டாள், சாப்பிட்டேன். அவளைத் திட்டவில்லை. பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் யாருக்கும் பயப்படாதவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், மாப்பிள்ளை. என்னைப் பார்த்து ஒருத்தி பயந்துகொண்டிருந்தாள் என்பதை ஹஜ்ரத் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவளிடம் கேட்டேன், "இப்பவும் எனக்குப் பயப்படுறியா?" என்று. "அதெல்லாம் அப்ப ஏதோ எழுதுனது, விடுங்க. வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள். கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நீ உங்கள் எழுத்தில் அவளுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேள். அதில் என்றால் உண்மையைச் சொல்லுவாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தமிழில் எழுது. நான் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள்.

சாகுல் ஹமீது